பத்தொன்பது பெட்டிகளும் ஒரு வாத்தும்

குழந்தைகள் என்றால் எல்லாம் ஒரே ரகம் என்று நம்பியிருந்தேன். சிரிக்காதீர்கள். நாற்பத்தொன்பது வயது வரைக்கும் நம்பியிருந்தேன். இரண்டு வயதோ பதினாலு வயதோ, கையில் ஒரு பொருளைத் திணித்தால் பல்லைக் காட்டும். பல் முளைக்காதது ஈறைக் காட்டும். வேறென்ன வித்தியாசம் இருந்துவிடப் போகிறது?

அந்த நம்பிக்கை உடைந்த இடம் நன்றாக நினைவிருக்கிறது. ஆரணி கடைத்தெருவில் பாய் நடத்தும் ஃபேன்சி ஸ்டோர். மழைக்கு முந்தின ஒரு சனிக்கிழமைச் சாயங்காலம். தலைக்கு மேலே வலைப்பையில் பந்துகள் தொங்குகின்றன. புது ரப்பர் வாசனையும் மல்லிகை சென்ட் வாசனையும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன. என் கையில் ஒரு தாள். என் மகள் யாழினி தன் எட்டாவது பிறந்த நாளுக்குக் கூப்பிட்டிருக்கும் பத்தொன்பது பேரின் பெயரையும், பக்கத்திலேயே வயதையும், அதில் பென்சிலால் எழுதிக் கொடுத்திருந்தாள். முதல் பெயர் மாடிவீட்டு ரோஷன், இரண்டு. கடைசிப் பெயர் பவித்ரா, பதினாலு.

பவித்ராவின் பெயருக்குக் கீழே மட்டும் மூன்று கோடு. மூன்றாவது கோட்டில் தாள் கிழிந்திருந்தது.

“இன்னா சார், அரை மணியா நின்னுகினே இருக்கீங்க? இன்னா வேணும்னு ஜல்தி சொல்லுங்க. மழை வந்துச்சுன்னா நான் ஷட்டர் போட்டுடுவேன்” என்றார் பாய்.

“ரிட்டன் கிஃப்ட் பாய்.”

“எத்தினி வயசுக்கு?”

தாளை நீட்டினேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

“இது பர்த்டேவா சார், எலெக்‌ஷனா?”

போன வாரம் இதே பக்கத்தில் நான் எழுதிய, பல் பிடுங்கப் போய்ப் பாதியில் ஓடிவந்த கதையைப் படித்த நண்பர் ஒருவர், “நீ எதற்குத்தான் பயப்பட மாட்டாய்?” என்று கேட்டிருந்தார். யோசித்துப் பார்த்தேன். அந்தச் சாயங்காலம் பாய் கடையில் பட்ட பயத்துக்கு முன்னால் பல் டாக்டரெல்லாம் தெய்வம்.

ஜாமெட்ரி பாக்ஸ் செய்த பாவம்

முந்தின வருஷத்துக் கதையைச் சொன்னால்தான் இந்த வருஷத்து நடுக்கம் விளங்கும்.

என் தொழில் பட்டுப்புடவை. நெசவு வீடுகளிலிருந்து புடவைகளை வாங்கிவந்து, மடித்து, பெட்டியில் போட்டு, வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புகிறவன். கல்யாண வீட்டார் நேரே எங்களிடம் வருவதும் உண்டு. மாமியார், ஓரகத்தி, நாத்தனார், சின்ன மாமியார் என்று ஒரு படையே ஜமக்காளத்தில் உட்காரும். அந்தப் படையைச் சமாளிக்க என் அப்பா வைத்திருந்த சட்டம் ஒன்று: “விலை ஒண்ணா இருக்கணும், கலர் வேறயா இருக்கணும்.” விலை ஒன்றானால் சண்டை வராது. நிறம் வேறானால் அவளுக்கும் எனக்கும் ஒரே புடவையா என்ற முனகல் வராது. இந்தச் சட்டத்தால் எத்தனையோ கல்யாணங்கள் கலையாமல் நடந்திருக்கின்றன.

அதையே குழந்தைகளிடம் பிரயோகித்தேன். எல்லோருக்கும் ஜாமெட்ரி பாக்ஸ். ஆளுக்கொரு நிறம்.

அப்போது ஒரு வயதாக இருந்த ரோஷன் தன் பங்கைத் திறந்து, உள்ளே ஊசி முனையோடு மினுங்கிய காம்பஸை ஆசையாக எடுத்தான். அவன் அம்மா போட்ட கூச்சலில் அடுத்த தெருக்காரர்கள் பவர்லூமை நிறுத்திவிட்டுப் பார்க்க வந்தார்கள். பவித்ரா அப்போது எட்டாம் வகுப்பு. பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். “என்கிட்ட இருக்கு மாமா” என்றாள் மரியாதையாக. அவள் போன பிறகு அந்தப் பெட்டி செருப்பு ஸ்டாண்டின் மேல் இருந்தது.

பவித்ரா வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி. அதுவரை தினமும் சாயங்காலம் அவளும் யாழினியும் எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து படம் வரைவார்கள். பவித்ரா மிருகத்தின் முகத்தைப் போடுவாள், யாழினி வாலைப் போடுவாள். நடுவில் உள்ள உடம்பு பற்றி இருவருக்கும் தகராறு. அப்படிப் பிறந்த விசித்திர ஜந்துக்கள் இன்னும் எங்கள் பீரோ கதவில் ஒட்டியிருக்கின்றன.

பிறகு பவித்ரா ஒன்பதாம் வகுப்புக்குப் போனாள். டியூஷன் வந்தது. புதுத் தோழிகள் வந்தார்கள். ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் யாழினி “பவிக்கா!” என்று தெருவே திரும்பும்படி கூப்பிட, பவித்ரா “ஹாய் குட்டி” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோழிகளோடு போய்விட்டாள்.

குட்டி! அந்தச் சொல்லால் யாழினிக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. நாலாம் நாள் தீர்ப்புச் சொன்னாள்.

“எல்லாம் உன்னாலதான்ப்பா. நீ அந்த ஜாமெட்ரி பாக்ஸ் குடுத்ததுலேர்ந்துதான் பவிக்கா என்கூட பேசறதில்ல.”

நான் சாவு வீட்டில்கூட ஜோக் அடித்துத் திட்டு வாங்குகிறவன். அன்றைக்குச் செருப்பு ஸ்டாண்டைத் துடைக்கப் போய்விட்டேன். காரணம், பாதி நம்பிவிட்டேன்.

இந்த வருஷம் யாழினியே போய் அழைத்துவிட்டு வந்தாள். கிடைத்த பதில்: “பத்து நிமிஷம் வரேன் குட்டி. ஆறு மணிக்கு டியூஷன்.”

அந்தப் பத்து நிமிஷத்தைப் பதினைந்தாகவாவது இழுத்துக் கொடுப்பது அப்பாவின் பொறுப்பு என்று முடிவாயிற்று. எதை வைத்து? ரிட்டன் கிஃப்டை வைத்து.

பாய் பிரித்த நாலு தினுசு

“புடவைய நீங்க ஒரே கட்டாவா வெக்கிறீங்க? பிரிக்கிறீங்கல்ல? அத்தமாரி பிரிங்க சார்” என்றார் பாய். “பசங்க நாலே தினுசு. வாய்ல வெக்கிறது, ஒடைக்கிறது, யோசிக்கிறது, மொறைக்கிறது.”

அப்படியே மெய்மறந்து நின்றேன். பத்து மாதம் சுமந்தவர்களுக்குக்கூட இந்தத் தெளிவு வராது.

வாயில் வைக்கிறவர்களுக்கு, அமுக்கினால் கத்துகிற மஞ்சள் ரப்பர் வாத்து. “வாய்க்குள்ள போவாதே பாய்?” என்று கேட்டேன். மனிதர் சளைக்காமல் வாத்தைத் தன் வாயிலேயே வைத்துக் காட்டினார். தாடிக்கு நடுவே வாத்து “க்வீக்” என்றது. வளையல் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கடையை விட்டே போய்விட்டார்கள்.

உடைக்கிறவர்களுக்குப் பிசைந்து விளையாடும் கலர் மாவு. அதை உடைக்க முடியாது, ஒட்ட வைக்கத்தான் முடியும். யோசிக்கிறவர்களுக்குத் திருகித் திருகி நிறம் சேர்க்கும் கியூப்.

“மொறைக்கிறது?”

பாய் பெருமூச்சு விட்டார். “அதுக்கு என்கிட்ட சரக்கு இல்ல சார். எங்க வூட்லயும் ஒண்ணு இருக்குது. நானே பேஜாராயிகினு இருக்கேன்.”

மழை வந்தது. பாய் ஷட்டர் போட்டார். பதினெட்டு பொருள்களோடு நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கண்ணமங்கலம் வழியாக

வீட்டில் மாநாடு நடந்தது. நான் பூட்டு வைத்த டைரி என்றேன். “எழுதினா அவங்க அம்மா பூட்டை ஒடைப்பாங்க” என்றாள் யாழினி. ஹேர் கிளிப் என்றேன். “ஐயோப்பா” என்றாள். பொது அறிவுப் புத்தகம் என்றேன். எழுந்தே போய்விட்டாள்.

என் மனைவி சுமதி கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: “ஏங்க, பதினாலு வயசுப் பொண்ணுக்கு இன்னா புடிக்கும்னு அந்தப் பொண்ணுக்கே தெரியாது. நீங்க எதுக்கு உயிர வுடறீங்க?”

கடைசியில் யாழினிக்கே பொறி தட்டியது. பவித்ரா நோட்டின் ஓரமெல்லாம் எழுத்தை வளைத்து வளைத்து வரைந்துகொண்டே இருப்பாளாம். அதற்கென்று பிரஷ் மாதிரி முனை வைத்த பேனா இருக்கிறதாம். ஆரணியில் கேட்டுப் பார்த்தேன், இல்லை. வேலூர் பஸ் ஏறினேன்.

ஒரு பேனாவுக்காக வேலூரா என்று நீங்கள் கேட்கலாம். கண்டக்டரும் கேட்டார். கண்ணமங்கலத்தில் பஸ் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தபோது, கண்டக்டர் சும்மா இருக்க, நானும் சும்மா இருக்க, என் கதை முழுக்கச் சொல்லிவிட்டேன்.

“பதினாலு வயசா? போன் ஒண்ணு வாங்கிக் குடுங்க சார். வூட்ட வுட்டே போவாது” என்றார்.

“அது என் பொண்ணுகூட பேசணும்யா.”

“அப்ப போன் வேணாம்” என்று விசில் ஊதினார்.

வேலூரில் அந்தப் பேனாக்கள் கிடைத்தன. இருபத்து நாலு நிறம், ஒரு தகரப் பெட்டியில். கடைக்காரர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி எழுதிப் பார்க்கச் சொன்னார். சுமதியின் பெயரை ஏழு நிறத்தில் எழுதினேன். என் பெயரை மயில் கழுத்து நிறத்தில் எழுதினேன். அவர் தாளைப் பிடுங்கும்வரை எழுதிக்கொண்டே இருந்தேன். என்ன வழுக்கல், என்ன வளைவு! திரும்பும் பஸ்ஸில் அந்தத் தகரப் பெட்டியை ஜரிகைக் கட்டைப் போல மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். பவித்ரா திறப்பாள். கண் விரியும். “யாழி, வா, வரையலாம்” என்பாள். கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் அந்தக் காட்சியை மனசுக்குள் எட்டுத் தடவை ஓட்டிவிட்டேன். எட்டாவது தடவை எனக்கே கண் கலங்கியது.

ஒரு நிபுணர் பெட்டி கட்டுகிறார்

பிறந்த நாளன்று மத்தியானம் சுமதி பெரிய குண்டான் வாங்கிவர சேவூரில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். யாழினி தலைக்குக் குளித்துத் தலையை உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் கடையிலிருந்து பத்தொன்பது புடவைப் பெட்டிகளை எடுத்துவந்து உட்கார்ந்தேன். எல்லாம் ஒரே அரக்கு நிறம். மற்ற வேலையில் நான் எப்படியோ, பெட்டி கட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

குலுங்கக் கூடாது என்று ஒவ்வொன்றிலும் பழைய பேப்பரைக் கசக்கித் திணித்தேன். வாத்துக்கு எடை இல்லை, பெட்டி காலி மாதிரி தெரியுமே என்று அதற்கு மட்டும் கூடுதலாகத் திணித்தேன். ஒவ்வொருவர் பெயரையும் சீட்டில் எழுதி வைத்தேன். மேலே ரிப்பன் சுற்றி, தறியில் அறுந்த இழையைச் சேர்க்கப் போடுகிற முடிச்சைப் போட்டேன். அந்த முடிச்சு இழுக்க இழுக்க இறுகும். கத்தரிக்கோல் இல்லாமல் பிரியாது.

சுமதி வந்து பார்த்தாள். சுவர் ஓரமாகப் பத்தொன்பதும் ஒரே மட்டமாக நின்றன.

“சும்மா சொல்லக் கூடாதுங்க. கடையில கட்டினா மாதிரியே இருக்கு” என்றாள்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் முதல் பாராட்டு. அதை முழுசாக இரண்டரை மணி நேரம் அனுபவித்தேன்.

விரல் அந்தரத்தில் நின்றது

ஐந்து மணிக்கெல்லாம் வீடு களைகட்டிவிட்டது. பதினெட்டுக் குழந்தைகள் நூற்றெண்பது பேரின் சத்தத்தைப் போட்டார்கள். பலூன் வெடித்தது. ஒருவன் அழுதான். இன்னொருவன் ஏன் அழவில்லை என்று முதலாமவன் மறுபடி அழுதான். எனக்கோ உற்சாகம் தாங்கவில்லை. பேப்பர்த் தொப்பியை வைத்துக்கொண்டு நானே இரண்டு சுற்று ஓடினேன்.

ஐந்து இருபதுக்குப் பவித்ரா வந்தாள். தோளில் டியூஷன் பை. அதைக் கழற்றவே இல்லை. கேக் வெட்டும்போது நிலைப்படியில் சாய்ந்து நின்று, வாட்சைப் பார்த்து, கை தட்டி, மறுபடி வாட்சைப் பார்த்தாள்.

யாழினி வாயில் கேக்கோடு என்னிடம் ஓடிவந்தாள். “அப்பா, பவிக்காவுக்கு ஃபர்ஸ்ட் குடுத்துடலாம். கெளம்பிடுவா. பவிக்கா பெட்டி எது?”

“இதோ” என்று விரலை நீட்டினேன்.

விரல் நீண்டது. எந்தப் பெட்டியின் மேலும் இறங்கவில்லை.

“எதுங்க?” என்றாள் சுமதி.

“சீட்டு வெச்சிருக்கேன்.”

“எங்க?”

“உள்ள.”

“உள்ளன்னா?”

“மடிப்புக்குள்ள வெக்கிற மாதிரி...”

“ரப்பர் வாத்துக்கு ஏதுங்க மடிப்பு?”

புடவைக்காரர்களுக்கு மட்டும் இந்த வேதனை புரியும். யார் நெய்தது, என்ன ரகம் என்று எழுதிய சீட்டைப் புடவையின் உள் மடிப்பில்தான் செருகுவோம். மேலே ஒட்டினால் உதிரும், பெட்டி மாறும், அட்டை அழுக்காகும். இருபத்தைந்து வருஷப் பழக்கம். பத்தொன்பது பெயரையும் அழகான கையெழுத்தில் எழுதி, பத்தொன்பது பெட்டிக்கும் உள்ளே போட்டு, பிரியாத முடிச்சும் போட்டு வைத்திருக்கிறேன்.

வாசல் பக்கம் பவித்ரா செருப்பில் ஒரு காலை நுழைத்துவிட்டாள்.

“பொறு. தூக்கிப் பார்த்தே சொல்லிடறேன்” என்றேன். புடவையைக் கையில் வாங்கினாலே ஜரிகை கனத்தைச் சொல்கிறவன் நான். தகரப் பெட்டிக்கும் வாத்துக்கும் வித்தியாசம் தெரியாதா? ஒன்றைத் தூக்கினேன். இன்னொன்றைத் தூக்கினேன். கூடுதலாகத் திணித்த பேப்பரின் புண்ணியத்தில் எல்லாம் ஒரே மாதிரி கனத்தன. ஆனாலும் ஏழாவது பெட்டியில் கைக்கு ஒரு ஞானம் வந்தது.

“இதேதான். சந்தேகமே இல்ல.”

யாழினி அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய்க் கொடுத்தாள். கூடவே கத்தரிக்கோலும். “இப்பவே பிரி பவிக்கா, ப்ளீஸ்.”

பவித்ரா ரிப்பனை வெட்டினாள். பேப்பரை எடுத்தாள். எடுத்தாள். எடுத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவள் விரல் எதன் மேலோ பட்டது.

“க்வீக்.”

பிறகு மற்ற பதினெட்டு பேரும் ஓவென்று பெட்டிகள் மேல் விழுந்தார்கள். யார் எதைத் தூக்கினார்கள் என்று பார்க்க எனக்குத் தெம்பில்லை. பேனாப் பெட்டி ஐந்து வயதுப் பையன் ஒருவனிடம் போனது. அவன் அதைத் திறந்ததும் எங்கள் தொழிலுக்கே உரிய பயம் வேறு ஆரம்பமானது. பட்டு இருக்கிற வீட்டில் பேனாவுக்கு மூடி போடாமல் நடமாட அனுமதி இல்லை. சுமதி அவனைத் துரத்திக்கொண்டு ஓடினாள். ரோஷன் கையில் கியூப். அதை அவன் நக்கிக்கொண்டிருந்தான்.

நான் யாழினியைப் பார்த்தேன். காலிப் பெட்டிக்குள் இன்னும் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

“பவித்ராம்மா, அது உனக்கில்ல, உனக்கு வேற, வேலூர்லேர்ந்து...” என்று உளறினேன்.

“பரவால்ல மாமா” என்றாள் அவள். அதே பழைய மரியாதை. என்ன செய்வதென்று தெரியாமல் வாத்தை இன்னொரு தடவை அமுக்கினாள்.

க்வீக் என்றதும் திரும்பியவன்

அந்தச் சத்தத்துக்கு ரோஷன் திரும்பினான். கியூபைப் போட்டான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, டயப்பர் ஆட ஆட, நேரே பவித்ராவிடம் நடந்தான். வாத்தைக் கேட்கவில்லை. அவள் முழங்காலைப் பிடித்து ஏறப் பார்த்தான். வேறு வழியில்லாமல் அவள் சுவரோரம் உட்கார்ந்தாள். மடியில் ஏறினான். அவள் அமுக்க, அவன் சிரிக்க, அவள் மறுபடி அமுக்க, நாலாவது க்வீக்கில் தலையை அவள் தோளில் சாய்த்தான். ஐந்தாவதுக்குச் சிரிப்பு இல்லை.

தூங்கிப்போயிருந்தான்.

“மத்தியானம் தூங்கவே இல்ல இவன்” என்று சொல்லிக்கொண்டே அவன் அம்மா தூக்க வந்தாள். கை பட்டதும் கண்ணைத் திறக்காமலே வீரிட்டான். கையை எடுத்ததும் அடங்கினான். இரண்டாம் முறையும் அதுவே.

“வுடுங்கக்கா, தூங்கட்டும்” என்றாள் பவித்ரா.

“டியூஷன்?” என்றேன்.

“நீங்களே சாருக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிடுங்க மாமா. நான் எப்டி எழுந்திருப்பேன்?”

யாழினி உள்ளே ஓடித் தலையணை கொண்டுவந்து அவள் முழங்கைக்குக் கீழே வைத்தாள். அப்படியே பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் கிசுகிசுவென்று பேச ஆரம்பித்தார்கள்.

என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயற்சி செய்தேன் என்பதை மறைக்கவில்லை. சமோசாத் தட்டோடு மூன்று முறை அந்தப் பக்கம் போனேன். மூன்று முறையும் பேச்சு நின்றது. “உங்களுக்கு அங்க இன்னா வேலை?” என்று சுமதி சமையலறையிலிருந்து அதட்டினாள்.

வேலை இருந்தது. அந்த ஐந்து வயதுக்காரனுக்கு, மூலையில் கிடந்த இரண்டு வாத்தும் ஒரு பாக்கெட் சிப்ஸும் லஞ்சம் கொடுத்துப் பேனாப் பெட்டியை மீட்டேன். இருபத்து நாலில் பத்தொன்பது தேறியது. ஓடிப்போய்ப் பவித்ராவின் முன்னால் மண்டியிட்டு நீட்டினேன். “இதும்மா! இதுதான் உனக்குன்னு...”

“ஷ்ஷ்ஷ்” என்றாள். அவள் பேனாவைப் பார்க்கவே இல்லை. ரோஷனைப் பார்த்தாள். யாழினியும் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். இரண்டு பேர் முகத்திலும் ஒரே முறைப்பு.

பேனாப் பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். குழந்தைகள் ஒவ்வொருவராகப் போனார்கள். நான் தரையில் அப்பியிருந்த கலர் மாவைச் சுரண்டினேன்.

ரோஷன் எட்டு மணிக்குக் கண் விழித்தான். அதன் பிறகுதான் பவித்ரா எழுந்து தன் வீட்டுக்குப் போனாள். யாழினியும் கூடவே போய், அங்கேயே இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு வந்தாள்.